தாம்பூலப் பையில் ஒரு நாவல்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. அந்தப் பை என்னுதுதான், மடியில வச்சுக்கறேன். கனமெல்லாம் இல்லீங்க, புஸ்தகந்தான். ஏனுங்க, உங்க கையிலயும் ஒண்ணு இருக்குதே, அதைப் பாத்துட்டுத்தான் கேக்கறேன். நீங்க படிக்கற ஆளுங்களா? இல்ல, பஸ்ஸுல தூக்கம் வர்றதுக்கு வச்சிருக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க. தாராபுரத்துல பஸ் ஏறி, புஸ்தகமும் கையுமா ஒரு ஆளைப் பாக்கறதுன்னா எனக்கு அதிசயம். கரூர் வரைக்கும் போறீங்களா? நான் சின்னதாராபுரத்துல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிப்போடறேன். யாருகிட்டயாவது சொல்லியாகோணும், நேத்திலிருந்து சோறு எறங்க மாட்டேங்குது.

நான் சென்னியப்பனுங்க. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால உரக்கடை. இப்பப் பையன் பாத்துக்கறான். நான் நாவல் எழுதியிருக்கறேன். பேரு 'மேக்காலக் கெணறு'. கேள்விப்பட்டிருக்கறீங்களா? இல்லைன்னு தலையை ஆட்டறீங்க. அதாங்க என்ற பிரச்சனையே.

எழுதறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க. கல்லாவுல உக்காந்தே எழுதிப்போட்டேன். அச்சடிக்கறதும் கஷ்டமில்ல. பதிப்பகத்துக்காரங்க யாரும் பதிலே போடல, சரி போங்கப்பான்னு கோயமுத்தூர்ல ஒரு அச்சாபீஸ்ல நானே போட்டுக்கிட்டேன். கட்டுக் கட்டா வந்து எறங்குச்சு, யூரியா மூட்டைக்குப் பக்கத்துல அடுக்கி வச்சோம். கஷ்டமெல்லாம் அதுக்கப்பறந்தான். படிச்சுட்டு ஒருத்தன், ஒரே ஒருத்தன், நாலு வரி எழுதோணுமுல்லீங்க? நல்லா இருக்குதுன்னு எழுத வேண்டாம். குப்பைன்னே எழுதட்டும். குப்பைன்னு சொல்றதுக்காவது அவன் படிச்சிருக்கோணுமே!

மதிப்புரைக்கு ரெண்டு பிரதி அனுப்பச் சொல்லிப் பத்திரிகையில போட்டிருப்பாங்க, பாத்திருக்கறீங்களா? ஒரு புஸ்தகத்தைப் படிக்க எதுக்குங்க ரெண்டு பிரதி? கண்ணுக்கு ஒண்ணா? கேக்க முடியுமா, அனுப்புனேன். எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புனேன். மாசாமாசம் வாங்கிப் பொரட்டுவேன். கடைசியில ஒரு பத்திரிகையில 'வரப்பெற்றோம்'னு பொடி எழுத்துல வந்துச்சு. புஸ்தகத்தோட பேரு, பக்கம், வெலை. அவ்வளவுதான். கூரியர்காரன் குடுத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியப்படுத்தறதுக்கு ஒரு பத்திரிகை!

வெளியீட்டு விழாவும் வச்சோமுங்க. பேச வந்த கவிஞர் பொன்னாடையைப் போத்திக்கிட்டு தண்ணிப் பஞ்சத்தைப் பத்தியே பேசித் தள்ளிட்டாரு. தலைப்புல கெணறுன்னு இருக்குதுல்ல, அதை மட்டும் வச்சு ஓட்டிட்டாரு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய விமர்சகர், பேரு வேண்டாம், அவரு வீட்டுக்கு எளநியும் நாட்டுக்கோழி முட்டையும் எடுத்துக்கிட்டுப் போனேன். புஸ்தகத்தை மோந்து பாத்துட்டு, "பூச்சிமருந்து வாசம் அடிக்குதுங்களே, எனக்கு மூச்சிரைப்பு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. முட்டைக்கு அந்த வாசம் இல்ல போலிருக்குது.

வீட்டுலயாவது ஆதரவு இருக்குதா? என்ற சம்சாரம் மயிலாத்தா, "எழுத்து பொடிசா இருக்குதுங்க"ன்னு மூடி வச்சுட்டா. பையன் என்னடான்னா, "நானே வேற வேற பேருல நெட்டுல நட்சத்திரம் போட்டு உட்டுர்றேம்ப்பா"ங்கறான். செருப்பைக் கழட்டுவேன்னேன். நேர்மையா ஒரு வார்த்தை வேணுங்க எனக்கு.

அப்பறம் என்ற தங்கச்சி, வசந்தாமணி. மொதப் பிரதியை அவளுக்குத்தான் குடுத்தேன். ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கொண்டுபோய் சாமி ரூமுல வச்சு, அட்டையில சந்தனப் பொட்டு வச்சுட்டா. "படிச்சியா அம்மிணி?"ன்னு போறப்பெல்லாம் கேப்பேன். "அண்ணன் எழுதுனது, நல்லாத்தான் இருக்கும்"பா. சாமி ரூமுல வச்சாப் போதுமுங்களா? சந்தனப் பொட்டு மதிப்புரை ஆயிருமா? இத்தனைக்கும் அந்த நாவல்ல முக்கியமான அத்தியாயமே அவளைப் பத்தினதுதான்.

அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பொண்ணு பொறந்துச்சு, தாரணி. பிரசவமான கொஞ்ச நாளுல வசந்தாமணிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. யாருக்கும் என்னன்னு புரியல. குழந்தையைப் பாத்தாப் பயமா இருக்குதும்பா, அழுவா, அப்பறம் சிரிச்சுப் பேசுவா. ஒரு நா மத்தியானம், தோட்டத்துல யாரும் இல்லாத நேரத்துல, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு மேக்காலக் கெணத்து மேட்டுல போய் நின்னிருக்கறா. எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லீங்க. நின்னவளுக்கு என்னாச்சுன்னா, குழந்தைக்கு விக்கல் எடுத்திருச்சு. ஐயோ, விக்கல் எடுக்குதே, பால் குடுக்கோணுமேன்னு அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துட்டா.

இது அவ புருசனுக்குக்கூடத் தெரியாது. அடுத்த வருசம் ஒரு நா கடைக்கு வந்தவ, மூட்டை மேல உக்காந்து எங்கிட்டச் சொன்னா. "உங்ககிட்ட மட்டுந்தான் அண்ணா சொல்றேன்"னா. நாந்தான் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுனேன். மாத்திரை சாப்புட்டுச் சரியாயிட்டா. இடுப்பு வலிக்கு மாத்திரைன்னு வீட்டுல சொல்லிக்கிட்டோம். அப்படி ஒரு அண்ணனுங்க நான். அதைத்தான் எழுதுனேன். வசந்தாமணின்னே பேரு போடுவேனா? அந்த அளவுக்கு விவரமில்லாதவனா? வாசுகின்னு மாத்தி வச்சேன். மத்ததெல்லாம் அப்படியே. தோட்டம், கெணறு, பக்கத்துல நிக்கற வேப்பமரம், அந்த விக்கல்.

அந்த அத்தியாயத்தைத்தான் தம்பி, திருப்பூர்ல ஒரு வாசகர் வட்டத்துல தூக்கிப் போட்டு மிதிச்சாங்க. நானே கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு பண்ணுன கூட்டம், டீ, போண்டா எல்லாம் என்ற செலவு. ஒரு பொண்ணு எந்திருச்சுச் சொல்லுது, "கெணத்து அத்தியாயம் நம்பற மாதிரி இல்லைங்க. பெத்தவ அப்படிப் போய் நிக்கவும் மாட்டா, விக்கல் எடுத்ததுக்குத் திரும்பி வரவும் மாட்டா. ஆம்பளை உக்காந்து கட்டுன கதை"ங்குது. எல்லாரும் தலையை ஆட்டறாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிப்போச்சு. அடப் பாவிகளா, நடந்ததுடா அதுன்னு கத்தோணும்போல இருந்துச்சு. கத்தறதுக்குள்ள நன்றியுரை சொல்லிக் கலைச்சுட்டாங்க. கட்டுன கதையாம்! அந்த வார்த்தை முள்ளு மாதிரி உள்ளயே நின்னுபோச்சு.

இந்த நேரத்துலதான் தாரணிக்கு வரன் அமைஞ்சுது. நல்ல பையனுங்க, கோயமுத்தூர்ல வேலை பாக்கறான். அவ அப்பன், எங்க மாப்ள, தவறிட்டாரு. அதனால தாய்மாமன் நாந்தான் முன்ன நின்னு எல்லாம் பண்ணோணும். மாப்பிள்ளைப் பையனோட அப்பா நாச்சிமுத்து வாத்தியாரு. சின்னதாராபுரம், ரிட்டையர்டு. பொண்ணு பாக்க வந்தப்ப அந்த வேப்பமரத்து நெழல்ல கட்டில் போட்டுத்தான் உக்கார வச்சோம். பேச்சுவாக்குல, "சிற்றிதழ்ல அப்பப்ப மதிப்புரை எழுதுவேனுங்க"ன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க! வந்தவிய பொண்ணைப் பாத்தாங்க, நான் அவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

உப்புச்சக்கரை மாத்தறதுன்னு எங்க பக்கம் ஒரு சடங்குங்க, பொண்ணை உறுதி பண்றது. வர்றவங்களுக்குத் தாம்பூலப் பை குடுக்கறது தாய்மாமன் பொறுப்பு. தேங்கா, வெத்தல பாக்கு, பழம் போடுவாங்க. நான் ஒவ்வொரு பையிலயும் என்ற நாவலையும் ஒண்ணு போட்டுட்டேன். ஏன் சிரிக்கறீங்க? இப்பெல்லாம் திருக்குறள் போடறாங்க, செடி போடறாங்க. கடையில அடைஞ்சு கெடக்கறதுக்கு நாலு வீட்டுக்குப் போய்ச் சேரட்டுமே. மயிலாத்தாகூட, "தேங்கா நசுக்கிரப் போகுதுங்க"ன்னுதான் சொன்னாளே தவிர வேற ஒண்ணும் சொல்லல. வசந்தாமணிதான் நின்னு பைக்குள்ள எடுத்து வச்சா. ஒவ்வொண்ணா, அட்டை மடங்காம.

வாத்தியாரு மறுநாளே படிச்சு முடிச்சுட்டாருங்க! ஃபோன் வந்துச்சு. "பென்சில்ல கோடு போட்டுப் போட்டுப் படிச்சேனுங்க சென்னியப்பன், அந்தக் கெணத்து அத்தியாயம் நெஞ்சைப் புடிச்சு ஒலுக்குது"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மூட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எத்தனை நாளாக் காத்திருந்த வார்த்தை! அப்பறம், "கேக்கலாமான்னு தெரியல. இது நடந்ததுங்களா, கற்பனைங்களா?"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஊரே கட்டுன கதைன்னு சொன்னதை ஒரு மனுசன் மதிச்சுக் கேக்கறாரு. "ஒரு வரிகூடக் கற்பனை இல்லீங்க வாத்தியாரே, அத்தனையும் நடந்தது"ன்னேன். "வேப்பமரம்கூட நீங்க உக்காந்தீங்களே, அதேதான்"னேன். "அதே மரமுங்களா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. உணர்ச்சிவசப்பட்டுட்டாருன்னு நெனைச்சேன். "சரிங்க"ன்னு வச்சுட்டாரு.

அந்த வாரமே ஜாதகத்துல ஏதோ தோசம்னு சொல்லிச் சம்பந்தம் வேண்டான்னுட்டாங்க. உப்புச்சக்கரை மாத்துனதுக்கப்பறம் என்னங்க ஜாதகம்? அப்பறம் அவிய வீட்டுப் பொம்பளைங்க வழியாப் பேச்சு வந்துச்சு. ஆத்தாளுக்கு இருந்தது மகளுக்கும் வருமாம், நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கு யாரு பொறுப்புன்னு கேட்டாங்களாம். வாத்தியாருக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க, அவரு படிச்சவரு. வீட்டுல ஒத்துக்கல.

அன்னைக்குத்தான் வசந்தாமணி சாமி ரூமுல இருந்து புஸ்தகத்தை எடுத்துப் படிச்சிருக்கறா. கடைக்கு வந்தா. மூட்டை மேல உக்காரல, வாசல்லயே நின்னா. கத்துவாள்னு பாத்தேன், கத்தல. "அண்ணா, நான் கெணத்து மேட்டுல நின்னதை எழுதுனீங்க, போகுது. அந்த விக்கலை ஏன் எழுதுனீங்க? அது எனக்கும் அவளுக்கும் மட்டும் இருந்துச்சு. அவளுக்கே தெரியாம நான் பத்திரமா வச்சிருந்தேன்"னா.

பாத்தீங்களா தம்பி? எத்தனை பேரு படிச்சும் புடிபடாத எடம் அவளுக்குப் புடிபட்டிருக்குது. அந்த அத்தியாயத்தோட உயிரே அந்த விக்கல்தான். நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அம்மிணி, இப்பச் சொன்னியே, இதையே ஒரு காகிதத்துல எழுதிக் குடு கண்ணு, பத்திரிகைக்கு அனுப்பலாம்"னேன். பாராட்டித்தானுங்க சொன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் எறங்கி நடந்துட்டா. அன்னையிலிருந்து என்ற ஃபோனை எடுக்கறதில்ல. புஸ்தகத்துக்கு மதிப்புரை வராத கோவத்தைவிட இது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க. சின்ன வயசிலிருந்து எதுன்னாலும் எங்கிட்டத்தான் வந்து சொல்லுவா.

தாரணியும் வந்தா. சம்பந்தம் போனதுக்கு அவ அழுகல. "மாமா, அது நெசமா? அம்மாகிட்டக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. எங்கூட ஒரு ரூமுல தனியா இருக்கவே மாட்டேங்கறாங்க. நான் உள்ள போனா எந்திருச்சு வெளிய போயிடறாங்க"ன்னா. "முழுசாப் படிச்சியா?"ன்னேன். "அந்த ஒரு அத்தியாயந்தான் மாமா"ன்னா. "நாவலை அப்படி நடுவுல இருந்து பிச்சுப் பேசக்கூடாது கண்ணு, முழுசாப் படிச்சுட்டு வா, பேசலாம்"னு அனுப்புனேன். சரிதானுங்களே? எழுதறவனுக்குன்னு ஒரு மொறை இருக்குதுல்ல?

மயிலாத்தா நேத்துத் தட்டத்துல சோத்தைப் போட்டு வச்சுட்டு முன்னால உக்காந்துக்கிட்டா. "நாளைக்குப் போய் வாத்தியாரு மூஞ்சியப் பாத்து, அது அத்தனையும் கற்பனை, எழுத்தாளன் பெருமைக்கு நெசம்னு சொல்லிப்போட்டேன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு பொய். நீங்க சொன்ன ஒரு வார்த்தையாலதான் போச்சு, ஒரு வார்த்தையில திரும்பி வந்தாலும் வரும்"னா. அவ சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க. இல்லைங்கல. அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸே ஏறுனேன்.

ஆனா அதுல ஒரு சிக்கல். சம்பந்தம் நின்னதுக்கப்பறம் நான் வாத்தியாருக்கு ஒரு ஃபோன் போட்டேன். அது வேற, இது வேறன்னு சொல்லி, "அன்னைக்குச் சொன்னீங்களே, அதை நாலு வரி எழுத முடியுங்களா?"ன்னு கேட்டேன். "எழுதலாமுங்க. ஆனா நடந்ததுங்கறதுனாலதான் எழுதுவேன். கற்பனைன்னா அந்த அத்தியாயம் நிக்காது"ன்னாரு. எழுதியும் வச்சுட்டாரு! நாலு பக்கமாம். தலைப்புலயே உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கறாராம். "நேருல வந்து வாங்கிக்குங்க"ன்னாரு.

இப்ப நான் உள்ள போனதும் கற்பனைன்னு சொன்னேன்னு வைங்க, அந்த நாலு பக்கத்தையும் அங்கயே கிழிச்சுப் போட்டுருவாரு. சொல்லலைன்னா தாரணி கதி? ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்து ஒரு வழி கண்டுபுடிச்சேன். மொதல்ல மதிப்புரையைக் கையில வாங்கிருவேன். வாங்கிப் பைக்குள்ள வச்சு ஜிப்பைப் போட்டுருவேன். காப்பி குடிச்சு முடிச்சுட்டு, செருப்பைப் போடறப்ப, கற்பனைங்க வாத்தியாரேன்னு சொல்லிப்போடறேன். ரெண்டும் ஆயிரும். என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? பத்திரிகையில வந்தா ஊருக்கே தெரியுமுங்கறீங்களா? வாசுகின்னு மாத்தி வச்சிருக்கறேனே தம்பி!

இருங்க, ஃபோன் அடிக்குது. அட, வசந்தாமணி. அவளே கூப்படறா.

அம்மிணி... சொல்லு கண்ணு... பஸ்ஸுல இருக்கறேன், மூலனூர் தாண்டிருச்சு... ஆமா, வாத்தியாரு வீட்டுக்குத்தான். மயிலு சொன்னாளா? நீ ஒண்ணும் கவலைப்படாத, கற்பனைன்னு சொல்லத்தான் போறேன்... என்னது? வேண்டாமா? ஏன்?... ம்... ம்... அழுகாத... எப்ப?... சரி... சரி அம்மிணி.

சம்பந்தம் வேண்டாங்கறா தம்பி. அவியகிட்டப் போய் நிக்க வேண்டாங்கறா. தாரணி துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டாளாம். வேலை தேடிக்கிட்டு மெட்ராஸ் போறாளாம், இன்னைக்குச் சாயங்காலமே. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசலையாம். "அவ கெளம்பறதுக்குள்ள நீங்க திரும்பி வாங்க அண்ணா. வந்து அவ மூஞ்சியப் பாத்து, அது நான் கட்டுன கதை, உங்கம்மா உன்னைத் தூக்கிக்கிட்டு அங்க போய் நிக்கவே இல்லைன்னு சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் சொன்னா நம்ப மாட்டா. எழுதுனவரு சொன்னா நம்புவா"ங்கறா.

எழுதுனவருன்னா தம்பி. கேட்டீங்கள்ல? இத்தனை நாளுல அவ என்னைய எழுதுனவருன்னு சொன்னது இதுதான் மொதத் தடவை.

ஏனுங்க கண்டக்டரே, சின்னதாராபுரமா? எறக்கம் இருக்குதுங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க. காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க தம்பி. இல்ல இல்ல, தாரணிகிட்டத் திரும்பிப் போகாம இருப்பேனா? வாத்தியாரு வீடு ரோட்டு மேலயேதான். மதிப்புரையை வாங்குனதும் அடுத்த பஸ்ஸைப் புடிச்சாச் சாயங்காலத்துக்குள்ள போயிரலாம். போக முடியலைன்னா ஃபோன்லயே சொல்லிக்கறது. மெட்ராஸ் என்ன வெளிநாடா?

இந்தாங்க, ஒரு பிரதி வச்சுக்குங்க. காசெல்லாம் வேண்டாம். படிச்சுட்டு நாலு வரி எழுதுங்க, நம்பரு பின்னட்டையில இருக்குது. கெணத்து அத்தியாயம் வர்றப்ப மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிங்க. இப்படியும் ஒரு தாய் இருப்பாளான்னு சந்தேகப்பட்டுராதீங்க. இப்ப ஃபோன்ல பேசுனாளே, அவதாங்க.